முகம் தெரியும் சுவர்

எங்கள் தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவார், கடை முகப்புக்குப் போடுவார், குளியலறைக்கு முகம் பார்க்கிற கண்ணாடியும் மாட்டித் தருவார். நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த ஓர் அறைதான் அவருடைய பட்டறை. நடுவில் பழைய கம்பளம் விரித்த நீண்ட மேசை. சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடிகள். கண்ணாடி கீறும் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுப்பார். கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி ஓர் அழுத்து அழுத்துவார். டக்கென்று சத்தம் வரும், கோடு போட்ட இடத்தில் பிரிந்திருக்கும். அவர் பேச்சும் அந்த மாதிரிதான். கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் சிந்தாது.

அவர் மனைவி நேர் எதிர். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்கெல்லாம் கண்டக்டர் அக்கா. பஸ்ஸில் பேசிப் பேசிக் குரல் கெட்டுப்போய், வீட்டில் உப்புக் கேட்டாலும் கடைசி ஸீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஏறினவர், இறங்கினவர், இறங்க மறந்து தூங்கினவர் கதையெல்லாம் சொல்வார். கண்ணாடிக்காரர் வேலை செய்துகொண்டே ‘ம்’ கொட்டுவார். அந்த அக்காவின் குரலும் இவருடைய ‘ம்’மும் மாடி வரைக்கும் கேட்கும்.

அவர்கள் சந்தித்ததே பஸ்ஸில்தான். இளவயதில் ஒரு நாள் இவர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

“கண்ணாடியோட ஏறக் கூடாதுங்க. இறங்குங்க.”

“உடையாதுங்க. நான் பிடிச்சுக்கிறேன்.”

“சரி, உங்களை யாரு பிடிச்சுக்கிறது?”

“அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்” என்பார் கண்ணாடிக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அது. யார் புதிதாக வந்தாலும் அதைச் சொல்லிவிடுவார். அக்கா முதல் முறை கேட்பது போலவே சிரிப்பார்.

ஒரே மகள். ஆய்வகத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மௌனமும் அம்மாவின் கோபமும் சரிபாதியாக வந்திருந்தன.

காய்ச்சல் முதலில் பேச்சாகத்தான் வந்தது. துறைமுகப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்துப் போனார்கள் என்றார்கள். மூச்சுக்காற்றில் ஒட்டுகிறது என்றார்கள். அரசாங்கம் வானொலியில், இது பருவகாலக் காய்ச்சல்தான், வதந்தி பரப்புபவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் வெளியில் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பஸ்கள் வழக்கம்போலவே படிக்கட்டு வரை நிரம்பி ஓடின.

அக்கா டிப்போவில் முகக்கவசம் கேட்டார். டிப்போ மேலாளர், “மூஞ்சியைக் கட்டிக்கிட்டு நின்னா பாசஞ்சர் பயந்துடுவாங்கம்மா. மேலிடத்துல பயமுறுத்த வேண்டாம்னு சொல்லியிருக்காங்க” என்றாராம்.

அதை வீட்டில் வந்து சொல்லும்போது அக்கா வாளித் தண்ணீரைக் காலால் உதைத்தார். “பயந்தா என்ன இப்போ? பயந்தவன் ஜன்னலையாவது திறந்து வைப்பான். பயப்படாதவன் என் மூஞ்சியிலதானே இருமுறான்!”

கண்ணாடிக்காரர், “லீவு போட்டுடேன்” என்றார்.

“நான் போட்டா அந்த ரூட்டுக்கு அந்தச் சின்னப் பொண்ணைப் போடுவாங்க. அது கைக்குழந்தைக்காரி.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு, மூன்று வாரம் மறைத்தார்கள். மறைக்க முடியாமல் போனதும் அதே அரசாங்கம் ஒரே நாளில் தலைகீழாக மாறியது. காலையில் கண் விழித்தால் தெருமுனையில் இரும்புத் தடுப்பு, பக்கத்தில் லத்தியோடு போலீஸ். ஒலிபெருக்கி வைத்த ஜீப் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, காய்ச்சலை மறைத்தால் சிறை, வெளியே வந்தால் சிறை என்று கத்தியது. நேற்று வரை ஒன்றுமே இல்லை என்றவர்கள் இன்று இப்படிக் கத்தினால் எதை நம்புவது? எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த வாரம்தான் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது.

அக்கா எதையும் மறைக்கவில்லை. தானே போன் செய்து சொன்னார். வேன் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். கண்ணாடிக்காரர் கூட வருகிறேன் என்று காலில் செருப்பை மாட்டினார். “யாரும் வரக் கூடாது, தள்ளுங்க” என்று ஒருவர் அதட்டினார். நாங்கள் எல்லோரும் அவரவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைப் பார்த்ததும் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, வேனின் படியில் நின்று அந்த உடைந்த குரலில், “யாராவது ஏறணுமா? இல்லைன்னா ரைட் போகலாம்” என்றார். யாராலும் சிரிக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவருடைய போன் அணைந்து கிடந்தது. உள்ளே யாருக்கும் போன் தருவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிக்காரர் தினமும் அனுமதிச் சீட்டு வாங்கி, காய்ச்சல் ஆஸ்பத்திரி கேட்டில் போய் நின்றார். காவலாளி நல்ல மனிதன்தான். ஆனால் அவனுக்கும் ஒன்றும் தெரியாது. “உள்ள இருக்காங்கண்ணா. இருக்கிறதா எழுதியிருக்கு” என்பான். கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரில் உயரத்தில் காற்றுக்காக விட்ட சின்னத் திறப்புகள் இருந்தன. அவற்றில் எது மனைவியின் அறை என்று தெரியாமல், எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

ஒரு மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்தார். வாசலிலிருந்து தள்ளி நின்று சொன்னார். அக்கா முந்தின நாளே போய்விட்டார். ஊருக்கு வெளியே அரசாங்க நிலத்தில் அடக்கமும் ஆகிவிட்டது.

கண்ணாடிக்காரர், “கண்ணு மூடியிருந்துச்சா?” என்று கேட்டார்.

போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குத் தெரியாதுங்க. என்கிட்ட சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்.”

நோய் ஒட்டியிருக்குமோ என்று, அதன் பிறகுதான் அப்பாவையும் மகளையும் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். நாங்கள் யாரும் போய் அவர்கள் கையைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் அப்பா பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பார், திடீரென்று ‘ம்’ என்பார் என்று மகள் பின்னால் என்னிடம் சொன்னாள். “யாரும் ஒண்ணும் சொல்லலைப்பான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவர் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

இதற்குள் தெரு முழுக்க ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தது. போனில் கூப்பிட்டுச் சொன்ன கண்டக்டர் அக்கா திரும்பி வரவில்லை, முகத்தைக் கூட யாரும் பார்க்கவில்லை. ஆகவே சொல்லக் கூடாது. காய்ச்சல் வந்த வீடுகள் காதும் காதும் வைத்தாற்போல மூடிக்கொண்டன.

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேர் மேலே ஒரு தையல்காரர் குடியிருந்தார். கல்யாணமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டில் தையல் இயந்திரம் நேரங்கெட்ட நேரமெல்லாம் ஓட ஆரம்பித்தது. ஊரே அடைந்து கிடக்கும்போது யாருக்காகத் தைக்கிறார்? கண்ணாடிக்காரருக்குச் சீக்கிரம் விளங்கிவிட்டது. துணி ஓடும்போது இயந்திரத்துக்கு ஒரு நடை உண்டு. இது வெறும் ஊசி ஓடுகிற சத்தம். தையல்காரர் மனைவி இருமத் தொடங்கினால் இயந்திரமும் தொடங்கும். இருமல் நின்றால் இயந்திரமும் நிற்கும்.

“அப்பா, மேல இருமுறாங்க” என்றாள் மகள்.

“தெரியும்.”

“சொல்லணும் இல்லையா? படிச்சுட்டு நானே பேசாம இருந்தா எப்படி?”

“யார்கிட்டம்மா சொல்றது?” என்றார் அவர்.

நிலைமை கைமீறிப் போன பிறகுதான் பழைய சுகாதார அதிகாரியை மாற்றினார்கள். புதிதாக வந்தது ஒரு பெண்மணி. நடுத்தர வயது, கொஞ்சம் விந்தி நடப்பார். வந்த அன்றைக்கே அதே ஜீப்பில் உட்கார்ந்து மைக்கைத் தானே பிடித்துப் பேசினார்.

“வணக்கம். இது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கணும். நாங்க சொல்லலை. அது எங்க தப்பு. இது எப்படிப் பரவுதுன்னு தெரியும், அதைச் சொல்றேன். எப்போ முடியும்னு தெரியாது. தெரிஞ்சதும் அதையும் சொல்றேன்.”

அரசாங்கம் தன் வாயால் தப்பு என்று சொல்லி எங்கள் தெரு கேட்டதே இல்லை. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். தினமும் மாலையில் ஜீப் வந்தது. நேற்று எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். தடுப்பு போட்ட தெருக்களுக்குச் சாப்பாடு வாசலுக்கே வந்தது. லத்தி வைத்திருந்தவர்கள் மருந்துப் பை தூக்கினார்கள். தடுப்பூசி வேறு ஊர்களில் போடத் தொடங்கிவிட்டார்கள், இங்கே வர நாளாகும், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் காய்ச்சல் வந்தவர்கள் மட்டும் வெளியே வரவில்லை. மாடியில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த அதிகாரி ஒன்று செய்தார். இறந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் தானே நடந்து போனார். ஒரு காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“உள்ள வரலை. இங்கேயே நின்னு பேசலாமா?”

கண்ணாடிக்காரர் தலையசைத்தார். மகள் அவரை முந்திக்கொண்டாள்.

“ஆறுதல் சொல்ல வந்தீங்களா மேடம்? எங்கம்மா முகக்கவசம் கேட்டாங்க, குடுக்கலை. அவங்களே போன் பண்ணாங்க, குற்றவாளி மாதிரி ஏத்திட்டுப் போனீங்க. எங்க புதைச்சீங்கன்னு கூட இன்னும் எங்களுக்குக் காட்டலை.”

“ஆறுதல் சொல்ல வரலைம்மா. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை” என்றார் அதிகாரி. “கேட்க வந்தேன். இப்போ ஆஸ்பத்திரியில படுக்கை இருக்கு, மருந்து இருக்கு. சீக்கிரம் வந்தா நிறையப் பேரைப் பிழைக்க வைக்க முடியும். ஆனா யாரும் வர மாட்டேங்கிறாங்க. நாங்க என்ன செஞ்சா வருவாங்க?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கட்டரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டர் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

“பிழைக்கிறது, பிழைக்காதது வேறங்க” என்றார் கடைசியில். “அவ உள்ள போனா. அப்புறம் எனக்கு வந்தது ஒரு போலீஸ்காரர். நடுவுல ஒண்ணுமே இல்லை. அவ சாப்பிட்டாளா, என்னைத் தேடினாளா, யாரையாவது திட்டினாளா... ஒண்ணும் தெரியாது. கிணத்துல போட்ட மாதிரி. எங்களுக்கு அவங்களைக் காட்டுங்க. தூரத்துல இருந்தாவது காட்டுங்க.”

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி மகளே கேட்டதில்லை.

அதிகாரி, “போன வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க. அதுக்கு முந்தின வீட்டுலயும்” என்றார். வணக்கம் சொல்லிவிட்டு, விந்தி விந்தித் தெருமுனை வரை போனார்.

சில நாள் கழித்து, அப்பாவுக்கும் மகளுக்கும் அடைப்பு நீங்கியதும், அதிகாரி ஓர் இன்ஜினியரோடு திரும்பி வந்தார். காய்ச்சல் வார்டின் வெளிச் சுவரை ஒரு பக்கம் இடித்துவிட்டு, அங்கே கண்ணாடி வைக்கப் போகிறார்கள். நோயாளியின் கட்டிலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வரலாம். வீட்டார் வெளியே கூரையின் கீழ் நின்று பார்க்கலாம். கண்ணாடித் தொழிற்சாலை எதுவும் ஓடவில்லை. கடைத்தெருவில் மூடிக் கிடக்கும் பெரிய துணிக்கடையின் முகப்புக் கண்ணாடிகளைக் கழற்றிக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார். பொருத்துவதற்குத்தான் ஆள் வேண்டும்.

“அது நான் போட்ட கண்ணாடிதான்” என்றார் கண்ணாடிக்காரர்.

“தெரிஞ்சுதான் வந்தோம்.”

“என்னால ஆகாதுங்க. வேற யாரையாவது பாருங்க.”

அதிகாரி வற்புறுத்தவில்லை. அவர்கள் போன பிறகு மகள், “சரியாச் சொன்னீங்கப்பா” என்றாள். “அம்மாவுக்கு இல்லாத கண்ணாடி இனிமே எதுக்கு?”

மாடியில் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. நிற்காமல் ஓடியது. மூச்சு வாங்குவது போல நடுவில் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. இரண்டு பேரும் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து ஆணியில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெருமுனையில் அதிகாரியும் இன்ஜினியரும் ஜீப்பில் ஏறுவதற்குள் போய்ப் பிடித்துவிட்டார்.

துணிக்கடைக் கண்ணாடிகளைக் கழற்ற ஆஸ்பத்திரி ஆட்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்ட காலத்தில் ஒரு நாள், அவர் உள்ளே நின்று துடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா டியூட்டி முடிந்து சீருடையோடு வெளியே வந்து நின்றிருக்கிறார். இவர் கவனிக்கவில்லை. திடீரென்று பார்த்தால், கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சப்பையாக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு முகம். கடைச் சிப்பந்திகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். இவருக்குக் கோபம் வந்தது. துடைத்த இடத்தை அழுக்காக்கிவிட்டாளே என்று திரும்பவும் துடைத்தாராம். கழற்றும்போது அந்த இடம் எது என்று தேடினேன் என்றார் என்னிடம். தேடி என்ன செய்ய? அவரேதான் துடைத்திருந்தார்.

வார்டின் அந்தப் பக்கத்தை மட்டும் காலி செய்து, உள்ளே தடுப்புத் திரை கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் வெள்ளை உறை மாட்டிவிட்டார்கள். உறைக்குள் வியர்த்துக் கொட்டியது. கடினப்படுத்திய கண்ணாடி என்பதால் அதை வெட்ட முடியாது. இருக்கிற அளவுக்குத் தகுந்தபடி சட்டத்தைத்தான் செய்ய வேண்டும். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ரப்பர் வைத்து, ரப்பருக்கு மேல் பசை நிரப்பி, விரலால் இழுத்து வழித்தார். மூச்சுக் கூட நுழையக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். முடித்ததும் மெழுகுவத்தி ஏற்றி ஓரம் ஓரமாகக் காட்டிப் பார்த்தார்கள். சுடர் ஆடவில்லை.

திரையை விலக்கியதும் உள்ளே படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கி வெளிச்சத்தைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் வெளியே ஏணியில் நின்றுகொண்டிருந்தார். மனைவி கிடந்தது எந்தக் கட்டில் என்று யோசிக்கக் கூடாது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தார். ஆனால் கண் ஒவ்வொரு கட்டிலாகத் தேடிக்கொண்டே போனது. ஒவ்வொரு கட்டிலிலும் வேறு யாரோ இருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் கண்ணாடியைத் தட்டினார். வாயசைத்து ஏதோ சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. அந்த நர்ஸ்தான் மறுநாள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கிடந்த இன்டர்காம் போன்களைக் கொண்டுவந்து, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைக்கச் செய்தார். “முகம் மட்டும் பார்த்தா போதுமாங்க? சண்டை போட வேண்டாமா?” என்றாராம்.

கண்ணாடி தயார் என்று ஜீப்பில் அறிவித்தார்கள். முதல் நாள் யாரும் வரவில்லை. இதுவும் ஏதோ தந்திரம் என்று நினைத்தார்கள்.

கண்ணாடிக்காரர் மாடி ஏறிப் போய்த் தையல்காரர் கதவைத் தட்டினார். இயந்திரம் சட்டென்று நின்றது.

“தம்பி, நான்தான்.”

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து, “வேலையா இருக்கேண்ணே” என்று குரல் வந்தது.

“துணி இல்லாம தைச்சா ஊசி மழுங்கிடும் தம்பி. தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

கதவுக்கு மிக அருகில் குரல் கேட்டது. அழுகிற குரல். “அக்காவைக் கூட்டிட்டுப் போன மாதிரி போனா நான் என்னண்ணே பண்ணுவேன்?”

“அந்த மாதிரி இல்லை. நீ தினம் போய்ப் பார்க்கலாம், பேசலாம். கண்ணாடி நான் போட்டிருக்கேன்.”

“பிழைச்சு வருவாளா?”

“அது எனக்குத் தெரியாது. பார்க்கலாம்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

பிழைத்துவிடுவாள் என்று சொல்லியிருந்தால் தையல்காரர் கதவைத் திறந்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் எதையாவது உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கதவு திறந்தது.

அன்று மாலையே வண்டி வந்தது. கத்தல் இல்லை. வந்தவர்கள் முகத்தை மூடியிருந்தாலும், நெஞ்சில் தங்கள் படத்தை ஒட்டியிருந்தார்கள். தையல்காரரும் சோதனைக்காகக் கூடவே போனார். அவருக்கு நோய் இல்லை என்று தெரிந்ததும், தினமும் கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்தார், பிறகு வேறு சிலர். ஒளித்து வைத்திருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். கூரையின் கீழ் நாற்காலி போதவில்லை.

கண்ணாடிக்காரரை யாரும் கேட்கவில்லை. அவராகவே தினமும் காலையில் கண்ணாடியைத் துடைக்கப் போக ஆரம்பித்தார். வெளிப்பக்கம் முழுக்க நெற்றித் தடங்கள், கைத்தடங்கள், குழந்தைகள் முத்தமிட்ட எச்சில் வட்டங்கள். இன்டர்காமில் யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வீட்டுச் சாவி எங்கே, தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறார்களா, பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விடுகிறாரா. தையல்காரர் மனைவிக்கு மூச்சு வாங்கியதால் அதிகம் பேச முடியாது. தையல்காரர்தான் பேசுவார். ஒரு நாள் அந்தப் பெண் கண்ணாடியில் விரலை வைத்து அவர் சட்டையைச் சுட்டிக் காட்டினாள். பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். தையல்காரர் குனிந்து பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள்.

பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் துணியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“என்னப்பா, முடிச்சுட்டீங்களா?” என்று மகள் கேட்டாள்.

“பொறாமையா இருக்கும்மா.” அவர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவங்க நல்லா இருக்கணும்தான். ஆனா பார்க்க முடியலை. எனக்கு ஒரே ஒரு தடவை, அந்த மாதிரி... அவ என் சட்டையைக் குறை சொல்லியிருப்பா. கட்டாயம் சொல்லியிருப்பா.”

மகள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். அம்மா போன செய்தி வந்தபோது கூட அவள் கோபத்தை மட்டும்தான் காட்டியிருந்தாள். இரண்டு பேரும் அந்த மேசையருகே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் துடைக்கப் போனபோது மகளும் உடன் போனாள். அதன் பிறகு அவள் ஆய்வகத்தில் வேலை கேட்டுச் சேர்ந்துகொண்டாள். ஆள் பற்றாக்குறையால் படிப்பு முடியாதவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்டர்காம் வைக்கச் சொன்ன நர்ஸ் ஒரு நாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனை எடுத்தார். இவரும் எடுத்தார். கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் வாய்வரை வந்த கேள்வியைக் கேட்டார். ஆரம்பத்தில் வந்த ஒரு பஸ் கண்டக்டர், நல்ல உயரம், கட்டைக் குரல், ஞாபகம் இருக்கிறதா?

நர்ஸின் உறைக்குள்ளிருந்து கண் மட்டும்தான் தெரிந்தது.

“பொய் சொல்ல மாட்டேங்க. எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வாரம் ஒரு கட்டில்ல ரெண்டு பேரைக் கூடப் போட்டிருந்தோம். நாங்களும் பாதிப் பேர் விழுந்துட்டோம். யார் முகமும் தனியா மனசுல நிக்கலை. மன்னிச்சுடுங்க.”

“பரவாயில்லைங்க” என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நர்ஸும் நகரவில்லை.

கண்ணாடி ஒன்றினால் நோய் நின்றது என்று நான் சொல்லமாட்டேன். தடுப்பூசி வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் வந்து போட்டார்கள். சாப்பாடு கடைசி வரை வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. மாலை ஜீப் சொன்ன எண்ணிக்கை ஏறும்போதும் சொன்னது, இறங்கும்போதும் சொன்னது. எல்லாம் சேர்ந்துதான் அந்தக் காய்ச்சல் தணிந்தது. தையல்காரர் மனைவி மெலிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். சிலர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலேயே போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் போவதை வீட்டார் பார்த்தார்கள். கண் மூடியதா என்று யாரும் போலீஸ்காரரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தெருத் தடுப்புகளை எடுத்த பிறகு, அரசாங்க நிலத்துக்கு வீட்டாரை அழைத்துப் போனார்கள். அந்த அதிகாரியே எல்லோருக்கும் முன்னால் நடந்தார். வெறும் எண் போட்ட மரப்பலகைகளை எடுத்துவிட்டுப் பெயர் பொறித்த கற்கள் நட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் சுட்டது. எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கும் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நர்ஸ் பட்டறைக்கு வந்தார். உறையில்லாமல் பார்த்ததால் இவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் எழுந்து நாற்காலி போட்டார். மகள் டீ போட்டுக் கொடுத்தாள்.

“உங்களுக்குச் சொல்ல என்கிட்ட புதுசா எதுவும் இல்லை” என்றார் நர்ஸ். “இன்னும் அவங்க முகம் ஞாபகம் வரலை. ஆனா அந்த வாரம் வார்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்ல முடியும். அது உங்களுக்கு வேணும்னா கேளுங்க.”

கண்ணாடிக்காரர் கேட்டார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? போர்வை என்ன நிறம்? தலையணை உண்டா? குடிக்க வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? விளக்கை அணைப்பார்களா? ஒருவர் அழுதால் மற்றவர் எழுந்து பார்ப்பாரா? நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். வெளிச்சம் காற்றுத் துளைகளிலிருந்து, காலையில் கொஞ்ச நேரம். போர்வை பச்சை. எழுந்து உட்கார முடிந்தவர்கள் முடியாதவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் யாரையும் தனியாக விடவில்லை. எப்படியாவது ஒருத்தர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வோம்.

டீ ஆறிப்போனது. மகள் வேறு டீ போட்டாள்.

“தலைமுடி?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர். “அவளுக்கு நீளமான முடி. கொண்டை போட்டு ஊசி குத்தியிருப்பா.”

“ஊசியெல்லாம் எடுத்துடுவோம். பின்னி விடுவோம். எல்லாப் பொம்பளைங்களுக்கும் அதேதான்.”

“ஒத்தைச் சடையா?”

“ஒத்தைச் சடைன்னா மல்லாந்து படுக்கும்போது முதுகுல உறுத்தும். அதனால ரெட்டைச் சடை போட்டு, ரெண்டு தோள் மேலயும் முன்னால எடுத்துப் போட்டுடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி இருப்பாங்க.”

கண்ணாடிக்காரர் மேசை மேல் விரித்திருந்த கம்பளத்தைக் கையால் நீவி நீவி விட்டார்.

“ரெட்டைச் சடையில அவளை நான் பார்த்ததே இல்லைங்க” என்றார்.

நர்ஸ் தன் இரண்டு கைகளாலும் தோள்களைத் தொட்டு, சடை எது வரைக்கும் வரும் என்று காட்டினார்.